புற்றுநோய்ப் பதிவேடும் கிராம மக்களும்

தாமிரபரணிப் பாசனத்தில் பயிரிடும் குடியானவருக்குக் கணக்கின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாபநாசம் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் குறிக்கப்படுகிறது. அந்த இருப்பைப் பார்த்தே கார், பிசானப் பருவங்களுக்கு நீர் திறக்கப்படுகிறது. நோய்க்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. அதுவே புற்றுநோய்ப் பதிவேடு.

பதிவேட்டின் பயன்

நோயாளியின் வயது, ஊர், நோய் கண்ட உறுப்பு, அது எந்நிலையில் கண்டறியப்பட்டது, அளித்த சிகிச்சை, அதை அவர் முடித்தாரா, பின்னர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் ஆகியவை இதில் எழுதப்படும். பல்லாயிரம் பேருடைய விவரம் ஒன்றுசேரும்போது சிகிச்சையின் நிறைகுறைகள் புலப்படும்.

உதாரணமாக, கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர் சிகிச்சையை ஏறத்தாழ 8 வாரங்களுக்குள் முடித்தல் வேண்டும். நாள் நீண்டால் பலன் குறையும். எவ்வட்டாரத்தினர் இடையில் நின்றுவிடுகின்றனர் என்பதைப் பதிவேடு காட்டினால், காரணம் பேருந்துச் செலவா, தங்க இடமின்மையா, நடவுக்கூலியை இழக்க இயலாமையா என்று ஆராய்ந்து பரிகாரம் தேடலாம்.

நம் நாட்டின் அனுபவம்

டென்மார்க்கில் 1942-ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் இப்பதிவு தொடங்கியது. இந்தியாவில் முதலாவது பதிவேடு 1963-இல் பம்பாயில் ஏற்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1982 முதல் சென்னை நகருக்குப் பதிவேடு நடத்தி வருகிறது. பெண்களிடையே முதலிடம் வகித்த கருப்பைவாய்ப் புற்று குறைந்து, மார்பகப் புற்று முந்தியதை அறிவித்தது இவ்வேடே. 2012 முதல் தமிழக அரசின் ஒத்துழைப்புடன் மாநிலம் முழுவதற்கும் பதிவு விரிந்தது. திருநெல்வேலியும் அதில் அடங்கும்.

கிராமங்களுக்குப் பதிவேடு செய்த உதவிக்குத் திண்டுக்கல் மாவட்டம் சான்று. அங்கு 2000-ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற செவிலியர் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைச் சோதித்தனர். ஏழாண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டபோது, சோதனை நடவாத ஊர்களைவிட அவ்வூர்களில் நோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. அம்பிளிக்கையில் நடந்துவந்த பதிவேடு இல்லாதிருப்பின், எளிய இச்சோதனையின் அருமை வெளிப்பட்டிராது.

நம் பகுதியின் இடர்ப்பாடு

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர் பலர். தென்காசிப் பக்கத்தார் திருவனந்தபுரத்துக்கும், சிலர் மதுரைக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். ஒருவரே ஓரிடத்தில் தந்தையின் முதலெழுத்துடனும், வேறிடத்தில் கணவரின் முதலெழுத்துடனும் பதியப்பட்டால் இருவராகிவிடுவார். 'புதூர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று யார் அறிவார்?

சிகிச்சைக்குப்பின் திரும்பி வராதோர் கதி தெரியாதிருப்பது இதனினும் பெரிய குறை. அவர்களெல்லாம் நலமாக உள்ளனர் என்று கொண்டால், சிகிச்சை உண்மையில் தந்ததைவிட மிகுந்த பலன் தந்ததாகப் பொய்த்தோற்றம் உண்டாகும். குறையே தெரியாதபோது அதை நீக்குவது எங்ஙனம்? இதனாலேயே அடையாற்றுப் பதிவாளர்கள் பதில் அஞ்சலட்டை அனுப்பியும், வீடு தேடிச் சென்றும், இறப்புப் பதிவேடுகளைப் புரட்டியும் விவரம் சேர்த்தனர்.

நமது கடமை

நோயை வெளியிட்டால் பெண்ணின் திருமணம் தடைப்படும் என அஞ்சி மறைப்போர் இன்றும் உளர். பதிவேடு வெளியிடுவது எண்களையே, பெயர்களை அன்று. ஆதலின் ஊர், ஊராட்சி, வட்டம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுக. எங்குச் சென்றாலும் பழைய மருத்துவச் சீட்டைக் கொண்டு செல்க. வீடோ தொலைபேசி எண்ணோ மாறினால் மருத்துவமனைக்கு அறிவிக்குக. நோயாளி காலமாகிவிட்டாலும், காரணத்தைக் கூறி இறப்பைப் பதிவு செய்க. கிராம சுகாதாரச் செவிலியரும் ஊராட்சித் தலைவர்களும் இதில் துணைநிற்றல் வேண்டும்.

ஒருவர் தரும் உண்மையான விவரம் அவருக்குப் பயன்படாது போயினும், அடுத்து அந்நோய்க்கு ஆளாகும் அண்டை வீட்டாரின் உயிரைக் காக்கக்கூடும்.