சாம்பல் எங்கே போகும்? எண்ணூரும் நம்ம செய்யூரும்

எண்ணூர் அனல் மின் நிலையத்தைப் பற்றிப் பேசினால், "அது மெட்ராசுக்கு வடக்கே, நமக்கென்னங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்யூர் வட்டத்தில் மணிலாவும் தர்பூசணியும் பயிர் செய்கிறவன். எண்ணூர் கதை நம்ம வயலுக்கும் வந்து சேர இருந்த கதை என்பதால் எழுதுகிறேன்.

கரி எரிக்கும் மின் நிலையத்துக்கு மூன்று வேண்டும்: கரி வந்து இறங்க வழி, நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீர், சாம்பலைக் கொட்ட இடம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மூன்றும் கிடைக்கும். அதனால்தான் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைப் பிடித்தார்கள். எண்ணூர் நிலையம் 1970ல் ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச்சில் மூடினார்கள். அதற்குள் 1990களில் ஆற்றுக்கு வடக்கே, அத்திப்பட்டுப் பக்கம், வடசென்னை அனல் மின் நிலையம் வந்துவிட்டது.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குளத்துக்கு அனுப்புவார்கள். வடசென்னை நிலையத்தின் குழாய்கள் அடிக்கடி உடைந்து சாம்பல் ஆற்றில் இறங்கியது. அடியில் படிந்து ஆழம் குறைந்தது, இறாலும் மீனும் குறைந்தன. மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றி ஆற்றைச் சீர் செய்யச் சொன்னது. நிலையத்தை மூடினாலும் சாம்பல் கூடவே கிளம்பிப் போகாது என்பதை இங்கே பார்க்கலாம்.

இனி நம்ம ஊர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே செய்யூரில் 4000 மெகாவாட் அனல் மின் திட்டம் போட்டார்கள். எண்ணூரைப் போல ஒன்பது மடங்கு. வெளிநாட்டுக் கரியை இறக்கப் பனையூர் கடலில் துறை. 2013ல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே ஒதியூர் காயல், உப்பளம், ஏரிப்பாசனம். உழவரும் மீனவரும் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது. ஏலத்தில் தனியார் கம்பெனிகள் பின்வாங்க, 2015ல் ஏலம் ரத்தானது. ஆலை எழும்பவில்லை.

எழும்பியிருந்தால்? கணக்குப் போடுவோம். ஐந்தில் நாலு பங்கு திறனில் ஓடினால் நாளைக்கு சுமார் 7.7 கோடி யூனிட். யூனிட்டுக்கு 400 கிராம் கரி என்றால் நாளைக்கு 30,000 டன், வருசத்துக்கு 1 கோடி டன்னுக்கு மேல். கரியில் பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்றே வைத்தாலும் வருசத்துக்கு 11 லட்சம் டன். நம்ம நாட்டுக் கரி என்றால் சாம்பல் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேலாகும்.

இவ்வளவு சாம்பலும் சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போய்த் தீராது. அப்போ "மண்ணுக்கு நல்லது, வயலுக்குப் போடுங்க" என்ற பேச்சு வரும். இங்கே கவனம் வேணும். அடுப்புச் சாம்பல் வேறு, ஆலைச் சாம்பல் வேறு. விறகுச் சாம்பலில் மரம் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் திரும்பி வரும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம், போரான் போன்றவை சேர்ந்திருக்கும். போரான் கொஞ்சம் கூடினாலும் இலை நுனி கருகும். கன உலோகம் மட்காது, நாம் ஊற்றும் ஜீவாமிர்தம் அதை எடுத்துவிடாது. தழைச்சத்தோ எரியும்போதே போய்விடுகிறது.

ஆகவே உழவர்களே, மலிவாகச் சாம்பல் ஏற்றிய லாரி வந்தால், எந்த ஆலைச் சாம்பல் என்று முதலில் கேளுங்க. மண் பரிசோதனையும் கன உலோகப் பரிசோதனையும் இல்லாமல் இறக்காதீங்க. ஊர் ஏரி, வரத்துக் கால்வாய், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் வருவாய்க் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று இப்பவே பார்த்து வையுங்க. திட்டம் வந்து கருத்துக்கேட்புக் கூட்டம் போடும்போது, "இங்கே பயிர் நடக்குது, இந்த ஏரி பாயுது" என்று காட்ட அந்தச் சர்வே எண்கள்தான் கைகொடுக்கும்.