ஆறு இலக்கம் எதற்கு?

சங்கரன்கோவிலில் வாடகைக் கார் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போனைக் கார் புளூடூத்தோடு இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வருகிறது. நான் எதையும் அடிப்பதில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரும் பார்க்கிறார். அப்புறம் அதில் என்ன பாதுகாப்பு?"

அந்த எண் ரகசியமே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் எழுதி வைத்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. பேச்சைப் பூட்டும் சாவி வேறு. போனும் காரும் ஆளுக்கொரு பொது எண்ணைக் காற்றில் அனுப்பி, தம்மிடமே இருக்கும் ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு, ஒரே விடைக்கு வருகின்றன. அதுதான் சாவிக்கு மூலம். எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டவருக்கும் அது கிடைக்காது. இது டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட வழி. புளூடூத்துக்கு 2007-இல், 2.1 பதிப்பில்தான் வந்தது. அதுவரை '0000', '1234' என்று அடித்துக்கொண்டிருந்தோம். வரலாறு இவ்வளவு போதும்.

ஒட்டுக்கேட்காமல் ஒருவன் நடுவில் புகுந்துவிட்டால்? போனிடம் 'நான்தான் கார்', காரிடம் 'நான்தான் போன்' என்று சொல்லி, இரு பக்கமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொள்வான். அவனைப் பிடிக்கத்தான் ஆறு இலக்கம்.

நான் சொக்கிப்போகும் இடம் இது. ஒத்தையா ரெட்டையா ஆடும்போது புளியமுத்தைக் கைக்குள் மூடி நீட்டுவோம். எதிராளி சொன்ன பிறகே விரிப்போம். இடையில் முத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. போனிலிருந்து இணைக்கும்போது, கார் யாரும் ஊகிக்க முடியாதபடி ஓர் எண்ணை எடுத்து, கணிதத்தால் மூடி நீட்டுகிறது. போன் தன் எண்ணை வெளிப்படையாகச் சொல்கிறது. அப்புறம் கார் கையை விரிக்கிறது. மூடியதும் விரித்ததும் ஒன்றுதானா என்று போன் சரிபார்க்கிறது. இந்த இரண்டு எண்களையும் இரு பொது எண்களையும் கலந்து கணக்கிட்டால் வருவதே திரையில் தெரியும் ஆறு இலக்கம்.

நடுவில் புகுந்தவன் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். போன் சொல்வதற்கு முன்பே அவன் கையை மூடி நீட்டியாக வேண்டும். கார் கையை விரிப்பதற்கு முன்பே அவன் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் குருட்டாட்டம். இரு திரையிலும் ஒரே எண் விழ அவனுக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். நிஜ ஆட்டத்தில் விரலிடுக்கில் ஒரு முத்தை ஒளிக்கலாம். இந்தக் கைக்கு இடுக்கே கிடையாது. ஆனால் இரண்டு எண்ணையும் ஒப்பிடுவது உங்கள் கண். பார்க்காமல் 'சரி' தட்டினால் இத்தனை கணிதமும் வீண்.

இயர்பட்ஸில் திரை ஏது? அங்கே இந்த ஒப்பீடே நடப்பதில்லை. 'ஜஸ்ட் ஒர்க்ஸ்' என்பது அதன் பெயர். ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும், நடுவில் புகுபவரைத் தடுக்காது. ஆகவே விளம்பரத்தில் வரும் 'ராணுவத் தரப் பாதுகாப்பு' என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் புளூடூத் திறந்திருந்தாலே வங்கிப் பணம் போய்விடும் என்று பயமுறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. நடுவில் புக நினைப்பவன் அலை எட்டும் தூரத்தில், நீங்கள் இணைக்கும் அதே நொடிகளில் தயாராக இருக்க வேண்டும்.

நிஜமான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. 2019-இல் வெளியான 'நாப்' தாக்குதல் இந்த எண்ணைத் தொடவேயில்லை. சாவியின் நீளத்தை இரு கருவிகளும் பேசி முடிவு செய்யும்போது குறுக்கே புகுந்து, அதை ஒரே பைட்டாகச் சுருக்கியது. 256 சாவிகளைப் போட்டுப் பார்த்தால் பூட்டு திறந்துவிடும். அதன்பின் ஏழு பைட்டாவது வேண்டும் என்று புளூடூத் அமைப்பு பரிந்துரைத்தது. இரண்டில் ஒரு கருவி அதற்குக் கீழே சம்மதிக்க மறுத்தாலே அந்தத் தந்திரம் பலிக்காது. கார் பழையதாக இருந்தாலும் போன் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.