கடையில் மாற்றித் தரும் காப்ஸ்யூல்

"அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதே மருந்துதான்." காய்ச்சல் மாத்திரைக்கு மருந்துக்கடையில் இப்படிச் சொன்னால் வாங்கிக்கொண்டு போகலாம். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் டாக்ரோலிமஸ் வாங்கும்போது சொன்னால் வாங்கக் கூடாது.

பொருத்திய சிறுநீரகம் எத்தனை வருடமானாலும் உடலுக்கு அந்நியம்தான். அதைக் கண்டுகொண்ட டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள், தம்மைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம் உருவாகாமல் தடுப்பதே டாக்ரோலிமஸின் வேலை. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், காக்க வேண்டிய சிறுநீரகத்தையே மருந்து கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். கம்பெனி மாறினால் ரத்தத்தில் சேரும் அளவும் சற்று மாறலாம். தினம் இருவேளை எடுக்கும் வகைக்குப் பதில் ஒருவேளை வகை கைமாறி வந்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது.

விலை குறைந்த தயாரிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. செலவு தாங்காமல் மருந்தை நிறுத்துவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மருத்துவருக்குத் தெரியாமல் மாறுவதுதான் தவறு. அரசு மருத்துவமனையில் தரும் மருந்து அட்டையில் கம்பெனி பெயர் மாறியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, ரத்த அளவுப் பரிசோதனை கேளுங்கள். காலை மருந்தை விழுங்குவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும்.

சட்டமும் உங்கள் பக்கம். 'அட்டவணை எச்' எச்சரிக்கை அச்சிட்ட மருந்துக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் கொண்ட வேறு தயாரிப்பைக்கூடக் கடைக்காரர் தரக் கூடாது என்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி. இது பயன்பட, சீட்டில் தயாரிப்பின் பெயர் இருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்ச் எண்ணோடு ரசீதும் வாங்குங்கள். மாற்றித் தந்து பாதிப்பு வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்ய அதுதான் ஆதாரம்.

வேறு மருத்துவரிடம் போகும்போதும் டாக்ரோலிமஸ் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் அதன் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சரேலென இறக்கும்.

உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் ஏறும். அதனால் ஒரு வேளைகூட மருந்து விட்டுப்போகாதபடி, கையில் பத்து நாள் மருந்து இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். அப்போதுதான் ஸ்டாக் இல்லை என்றாலும் அடுத்த கடைக்குப் போக நேரம் இருக்கும்.