பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுங்கள்!

தோட்டத்துத் தோழர்களே!

உங்கள் குடும்பத்தில் 'பட்டாளத்துத் தாத்தா' என்று யாரையாவது சொல்வதுண்டா? எங்கள் லயத்தில் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரட்டுக்களத்தில்கூட நெஞ்சை நிமிர்த்திக் காலைச் சேர்த்துத்தான் நிற்பாராம். பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம், விவரம் கேட்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவர் அழைத்ததும் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்களும் போனார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் அதில் உண்டு. 1944 இம்பால் போர்முனையில் அந்த இராணுவத்தார் பலர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். என் தாத்தாவைப் போலத் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் பால்வாளியைத் தூக்கினார்கள்.

போன மாதம் பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். "இத்தனை வருசமா ஒருத்தனும் கேக்கலையேடா!" என்று அழுதுவிட்டார்.

அந்த இராணுவத்தின் கோப்புகள் புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் வெறும் பேரை வைத்துத் தேடினால் ஒரே பேரில் பலர் வருவார்கள். தகப்பன் பேர், வேலை செய்த தோட்டம், இந்தியாவில் சொந்த ஊர், இந்த மூன்றும் வேண்டும். அதைச் சொல்ல வீட்டுப் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் உடைந்து, வீடு மாறும்போது பழைய தகரப்பெட்டியும் குப்பைக்குப் போகிறது. தூக்கி எறியும் முன் திறந்து பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள்!