கடல் கடந்து ஏற்ற பிள்ளை

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தல் உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். சுவீகாரம் என்று முன்னோர் சொன்னதும், இலங்கையின் சட்ட நூல்களில் மகவேற்பு என்று வழங்குவதும் இதுவே. முற்காலத்தில் இஃது ஓர் ஊருக்குள்ளே, பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குள்ளே நிகழ்ந்தது. அண்ணன் பிள்ளையைத் தம்பி வளர்ப்பான். அக்காளின் மகளைத் தங்கை வளர்ப்பாள். தன்னைப் பெற்றவள் யார் என்பது பிள்ளைக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு நாட்டிற் பிறந்த பிள்ளையை மற்றொரு நாட்டார் கடல் கடந்து சென்று ஏற்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் பெருகியது. கொரிய யுத்தம் 1953இல் ஓய்ந்தபின், அந்நாட்டுப் பிள்ளைகள் பலர் அமெரிக்கக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதன் பின்னர் இவ்வழி ஒற்றையடிப் பாதையாக இருந்த நிலை மாறிப் பெருந்தெருவாயிற்று.

அத்தெருவில் மிகப் பலர் நடந்த இடம் சீன தேசம். 1992 தொடக்கம் 2024 வரை ஏறத்தாழ 1,60,000 சீனப் பிள்ளைகள் பிற நாட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 82,000க்கும் அதிகமானோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றனர். இப்பிள்ளைகளை அழைத்துவரச் சென்ற பெற்றோர் சீனாவில் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கவேண்டியிருந்தது. அந்த இரண்டு வாரம் எவ்வாறு கழிந்தது என்பதும், அந்நாட்கள் பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்கும் எவ்வளவு பெறுமதி உடையன என்பதும் அறியத்தக்கவை.

முதலிற் காரணத்தைக் காண்போம். சீன அரசு 1980ஆம் ஆண்டளவில், குடும்பத்துக்கு ஒரு பிள்ளையே போதும் என்ற விதியை நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. அவ்விதி 2015 வரை நிலைத்தது. ஊர்ப்புறங்களில் முதியோரைத் தாங்குபவன் மகனே; மகள் மணமுடித்தால் மாமியார் வீட்டுக்கு உரியவள். ஆகவே ஆண்பிள்ளையை வேண்டிய குடும்பங்கள் பலவற்றிற் பெண்குழந்தைகள் இரவோடிரவாக வெளியே வைக்கப்பட்டனர். சந்தை வாயில், வைத்தியசாலைப் படிக்கட்டு, பொலிஸ் நிலைய வாசல் முதலாக, மக்கள் விரைவிற் கண்டெடுக்கக்கூடிய இடங்களையே பெற்றோர் பெரும்பாலும் தெரிந்தனர். மகளை வேண்டாத காரணத்தாற் சீனர் கைவிட்டனர் என்று மேலெழுந்தவாரியாகச் சொல்வது நீதியன்று. அந்நாட்டிலே பல்லாண்டு ஆராய்ந்த கே ஆன் ஜோன்சன் என்னும் அறிஞர், பெண்பிள்ளையை எடுத்து வளர்க்க விரும்பிய சீனக் குடும்பங்கள் பல இருந்தன என்றும், சட்டமே அவர்களுக்குத் தடையாயிற்று என்றும் காட்டியுள்ளார். 1992 ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த மகவேற்புச் சட்டம், முப்பத்தைந்து வயது கடந்தவரும் பிள்ளை இல்லாதவருமே பிள்ளையை ஏற்கலாம் என்று பொதுவிதி வகுத்தது. அதே சட்டம் வெளிநாட்டாருக்குக் கதவைத் திறந்தது.

கதவு திறந்திருப்பினும் உள்ளே புகுதல் எளிதன்று. ஏற்க விரும்பும் தம்பதியரின் இல்லத்துக்கு முதலிற் சமூக சேவை உத்தியோகத்தர் வருவார். வருமானம், உடல்நலம், மணவாழ்க்கை, பிள்ளை வளர்ப்புப் பற்றிய கருத்து ஆகிய அனைத்தையும் விசாரித்து எழுதுவார். பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், வைத்தியச் சான்று, பொலிஸ் சான்று, கைவிரல் அடையாளம் என ஒரு கட்டுக் கடதாசி சேரும். அவை உறுதிப்படுத்தப்பட்டுப் பீக்கிங் நகரிலுள்ள மத்திய நிலையத்தைச் சென்றடையும். பிறகு காத்திருக்கும் காலம். தொடக்கத்தில் ஓராண்டளவாக இருந்த அக்காலம் பின்னர்ப் பல ஆண்டுகளாக நீண்டது. ஒருநாள் ஒரு சிறு நிழற்படமும், ஒரு பெயரும், சுருக்கமான வைத்தியக் குறிப்பும் வந்து சேரும். இன்ன பிள்ளை இன்னாருக்கு என்று முடிவுசெய்தவர், ஒருபோதும் அவர்களைக் கண்டிராத ஓர் உத்தியோகத்தரே.

பின்னர்ப் பயணம். பெற்றோர் பலர் ஒரு குழுவாக, மொழிபெயர்ப்பாளராகிய வழிகாட்டி ஒருவருடன் சென்றனர். பிள்ளை இருக்கும் மாகாணத்தின் தலைநகரிலேதான் முக்கிய கருமம் நடைபெறும். சாங்ஷா, நான்சாங், நான்னிங் முதலிய நகரங்களில், விடுதி மண்டபத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ, ஒரே வேளையிற் பல குடும்பங்களுக்குப் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டனர். பெற்றோர் மகிழ்ச்சியாற் கண்ணீர் விட்டனர். பிள்ளையோ அச்சத்தால் அழுதது.

இவ்விரு கண்ணீரும் ஒன்றல்ல என்பதை ஊன்றி நோக்கல் வேண்டும். பெற்றோருக்கு அது நெடுநாள் வேண்டுதல் பலித்த வேளை. பத்து மாதமோ ஒன்றரை வயதோ ஆன பிள்ளைக்கு அதுவே தன் உலகம் முழுவதையும் இழந்த வேளை. அதுவரை அதனைத் தூக்கியவர் அநாதை இல்லத்துச் செவிலி, அல்லது அவ்வில்லம் ஒழுங்குசெய்த வளர்ப்புத் தாய். அவர் முகமும், அவர் பேச்சும், அவர் ஊட்டிய கஞ்சியின் சுவையும் ஒரு நொடியில் மறைந்துபோகின்றன. புதிய முகம், புதிய மணம், விளங்காத மொழி. சில பிள்ளைகள் மணிக்கணக்காக அழுதன. சில அழுகையின்றி உறைந்து, கையிற் கொடுத்ததை விடாது பற்றிக்கொண்டு இருந்தன. சில தாயை மாத்திரம் ஒட்டிக்கொண்டு தந்தையை அண்டவிடவில்லை. அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்று மகிழ்ந்த பெற்றோரும் உண்டு. அழும் பிள்ளையே ஒருவரிடம் அன்பு வைத்துப் பழகிய பிள்ளை என்றும், அவ்வன்பு மீண்டும் துளிர்க்கும் என்றும் அறிந்தோர் சொல்லிக்கொடுத்தனர்.

மறுநாள் பதிவு நடைபெறும். பிள்ளையை ஒருபோதும் கைவிடுவதில்லை, துன்புறுத்துவதில்லை, கல்வி அளிப்போம் என்று பெற்றோர் வாக்களித்துக் கைச்சாத்திட்டனர். செந்நிற மையிலே அவர்களின் பெருவிரல் பதிக்கப்பட்டது. பல இடங்களிற் பிள்ளையின் பிஞ்சுப் பாதமும் அவ்வாறே பதிக்கப்பட்டது. அநாதை இல்லத்துக்கு நன்கொடையாக 3,000 டொலர் செலுத்துவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அதன்பின் பிள்ளையின் கடவுச்சீட்டுக்காகச் சில நாள் அந்நகரிலேயே காத்திருந்தனர்.

அமெரிக்கக் குடும்பங்கள் அடுத்ததாகத் தெற்கே குவாங்சோ நகருக்குச் சென்றன. மகவேற்ற பிள்ளைகளுக்கு வீசா வழங்கும் அமெரிக்க அலுவலகம் அங்கு மாத்திரமே இருந்தது. முத்தாற்றின் கரையிலே ஷாமியான் என்னும் சிறு தீவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியரும் பிரான்சியரும் குத்தகையாகப் பெற்று வங்கிகளும் மாளிகைகளும் எழுப்பிய இடம் அது. 1983இல் அங்கே திறக்கப்பட்ட வெள்ளை அன்னம் என்னும் பெரிய விடுதியிற் புதிய பெற்றோர் பெருந்திரளாகத் தங்கினர். காலையுணவு மண்டபம் எங்கும் வெள்ளையர் மடியிலே சீனக் குழந்தைகள். தெருவோரக் கடைகளிற் பட்டுச் சட்டைகளும், பெயர் பொறித்த கல் முத்திரைகளும் விற்கப்பட்டன. கடைக்காரர் குழந்தைத் தள்ளுவண்டிகளை இரவலாகவும் கொடுத்தனர். பொன்னிறக் கூந்தற் பொம்மை ஒன்று சீனக் குழந்தையை ஏந்தியிருப்பதாகச் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள், அவ்விடுதியிலே தங்கிய குடும்பங்களுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. விடுதியிலிருந்த சிவப்பு நீளாசனத்திற் குழுவின் குழந்தைகளை வரிசையாக இருத்திப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே நிலைபெற்றது. வைத்தியப் பரிசோதனை முடிந்து, அமெரிக்க அலுவலகத்திற் பெற்றோர் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்தபின் வீசா கிடைக்கும். 2001 பெப்பிரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சீனாவிலேயே மகவேற்பு நிறைவேறிய பிள்ளை, தாய் தந்தையருடன் அமெரிக்க மண்ணை மிதித்ததும் அந்நாட்டுப் பிரசை ஆயிற்று.

இவையெல்லாம் சட்டம் வேண்டிய கருமங்கள். அவற்றில் ஒன்றை மறந்தால் உத்தியோகத்தர் நினைவூட்டுவார். பிள்ளை வேண்டிய கருமம் ஒன்றும் அந்த இரண்டு வாரத்துள் இருந்தது. அதனை நினைவூட்டுவார் பெரும்பாலும் இலர். தன் பூர்வீகத்தைத் தேடி எடுத்துத் தரவேண்டும் என்பதே அக்கருமம்.

கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்குப் பரம்பரைச் சொத்து யாதும் இல்லை. அதன் பிறந்தநாள் பலவேளைகளில் மதிப்பிட்டு எழுதப்பட்டது. அதன் குடும்பப் பெயர் இல்லத்தார் வைத்தது. ஒரே இல்லத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருத்தலும் உண்டு. பெற்றோரைத் தேடி மாகாணப் பத்திரிகையில் இடப்பட்ட விளம்பரத்திலுள்ள சிறு படமே பலருக்குத் தம் முதற்படம். எந்த வாசலில், எந்த நாளில், எந்தத் துணியிற் சுற்றியபடி காணப்பட்டது, அருகே எழுதிவைத்த துண்டுக் கடதாசி உண்டா, வளர்த்த செவிலியின் பெயர் என்ன, அவர் எந்தப் பெயரால் அழைத்தார், எவ்வாறு தாலாட்டினார் என்பனவற்றை அன்றே கேட்டு எழுதிக்கொண்ட பெற்றோர் பிள்ளைக்குப் பெருஞ்செல்வம் சேர்த்தவராயினர். செவிலியரைச் சீனர் அயி என்பர். சிற்றன்னை போன்ற முறைப்பெயர் அது. அந்த அயியுடன் ஒரு படம் எடுத்து வைத்தவர்கள், மகள் வளர்ந்து, “என்னைத் தூக்கியவர் யார்?” என்று கேட்டபோது விடை கூறக்கூடியவராயினர். சிவப்பு ஆசனத்துப் படம் மாத்திரம் எடுத்தவர்களிடம் அவ்விடை இல்லை.

இக்குறிப்புகளின் அருமையைப் பிற்காலச் செய்திகள் மேலும் உணர்த்தின. 2005இல் ஹுனான் மாகாணத்திற் குழந்தைகளை வாங்கி அநாதை இல்லங்களுக்கு விற்ற கூட்டம் ஒன்று பிடிபட்டது. மறு ஆண்டு நீதிமன்றம் பலருக்குத் தண்டனை விதித்தது. அதே மாகாணத்தின் ஒரு பகுதியிற் குடும்பக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் பெற்றோரிடமிருந்தே குழந்தைகளைப் பறித்து இல்லத்திற் சேர்த்தனர் என்னும் செய்தியைச் சீனப் பத்திரிகை ஒன்று 2011இல் வெளியிட்டது. கைவிடப்பட்ட பிள்ளை என்று முத்திரையிட்ட பத்திரமே பொய்யாகலாம் என்பதை அறிந்த பெற்றோர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர்கள் களவு செய்தவர் அல்லர். எனினும் அவர்கள் மகளை இழந்து தேடும் ஒரு தாய் எங்கோ இருக்கக்கூடும். இன்று வளர்ந்துவிட்ட பிள்ளைகள் மரபணுச் சோதனையின் துணைகொண்டு தம்மைப் பெற்றோரைத் தேடுகின்றனர். பழைய நாட்குறிப்பில் ஒரு வரி, ஒரு படத்தின் பின்னே எழுதிய ஊர்ப்பெயர், அவர்களுக்கு வழிகாட்டும் விளக்காகின்றது.

இவ்விடயம் இலங்கைக்கும் புதிதன்று. 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியத் தம்பதியர் பலர் இத்தீவுக்கு வந்து தங்கி, நீதிமன்றக் கட்டளை பெற்றுக் குழந்தைகளை ஏந்திச் சென்றனர். அவ்வாறு சென்ற பிள்ளைகள் பல்லாயிரவர். அவர்களுட் பலர் வளர்ந்து திரும்பிவந்து தேடியபோது, பத்திரங்களிற் கண்ட பெயர்கள் பொய் என்றும், நீதிமன்றத்திலே தாயாக நின்றவள் வேறொருத்தி என்றும் அறிந்தனர். 2021 பெப்பிரவரியில் நெதர்லாந்து அரசு நியமித்த குழு ஒன்று, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்ட முறையிற் கடுந்தவறுகள் நிகழ்ந்தன என அறிவித்தது. இத்தகைய தவறுகளைத் தடுக்கவே 1993இல் ஹேக் நகரிற் சர்வதேச உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. அதனை முதன்முதல் ஏற்று உறுதிசெய்த மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பிள்ளையின் பிறப்புப் பற்றிய விவரங்களைப் பேணிக்காத்தல் அரசின் கடமை என்று அவ்வுடன்படிக்கை விதிக்கின்றது. கண்டெடுத்த இடத்தையும் செவிலியின் பெயரையும் எழுதிவைத்த பெற்றோர் தம் அன்பினாற் செய்ததையே சட்டமும் வேண்டுகின்றது.

2024 செப்ரெம்பரிற் சீன அரசு இவ்வழியை மூடியது. உறவினர் பிள்ளையை ஏற்போர் முதலிய சிலருக்கே விலக்கு அளிக்கப்பட்டது. படம் கிடைத்து, பெயர் தெரிந்து, பயணத்துக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஏமாற்றம் அடைந்தன. ஷாமியான் தீவிற் புதிய பெற்றோர் கூட்டம் இன்று இல்லை. ஆயினும் முன்னர்ச் சென்ற பிள்ளைகள் இருக்கின்றனர்; அவர்களின் கேள்விகளும் இருக்கின்றன.

பிற நாட்டிலே சில நாள் தங்கி ஒரு பிள்ளையை ஏற்பவர், அப்பிள்ளைக்கு வீடும் கல்வியும் பெயரும் பிற்காலத்தில் ஆறுதலாகக் கொடுக்கலாம். பிறந்த மண்ணின் செய்தியை மாத்திரம் அந்நாட்களிலேயே சேர்த்துக் கொடுக்கவேண்டும். நாள் கழிந்தால் இல்லம் இடம் மாறும், செவிலி ஓய்வு பெறுவாள், கடதாசி செல்லரிக்கும். பிள்ளையின் முதற்சொத்து அதன் வரலாறே. அதனைப் பழுதின்றிக் கையளித்தல் வளர்ப்போரின் முதற்கடன்.