பன்பாயை மேசைக்கு ஏற்றினால் என்ன கிடைக்கும்?

கட்டைபறிச்சான் பக்கமிருந்து மூதூர் கடைத்தெருவுக்கு வரும் ஒருவர் வீட்டுக்குப் பாய் வாங்க நினைத்தால் அநேகமாகப் பிளாஸ்டிக் பாயைத்தான் எடுத்துச் செல்கிறார். விலை குறைவு. நனைந்தால் துடைத்துவிடலாம். பூச்சி அரிக்காது. இந்த மூன்றிலும் பன்பாய் அதனோடு போட்டியிட முடியாது. எனவே பன்பாய் வியாபாரம் முடிந்த கதை என்று நமது வியாபாரிகள் பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பாயாகவே விற்பதென்றால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அதே பன்னும் அதே கைவேலையும் சாப்பாட்டு மேசை விரிப்பாகவோ, குஷன் உறையாகவோ, துணி போட்டு வைக்கும் கூடையாகவோ மாறும்போது அதன் விலைக் கணக்கே வேறாகிவிடுகிறது.

காரணம் எளிது. பாய் வாங்குபவர் அதைப் பிளாஸ்டிக் பாயின் விலையோடு ஒப்பிடுகிறார். மேசை விரிப்பு வாங்குபவர் அப்படி ஒப்பிடுவதில்லை. அவர் கல்யாணத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்பின் விலையோடு ஒப்பிடுகிறார். புது வீடு கட்ட வசதியில்லாதவரும், இருக்கின்ற வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பொருளை வாங்குவார். சின்னச் சின்ன ஆடம்பரம் என்று இதைச் சொல்லலாம். 2022 இல் ரூபா வீழ்ந்து இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது, உள்ளூரில் செய்த அழகுப் பொருளுக்கு இடம் உண்டு என்பதைக் கொழும்புக் கடைக்காரர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1960களில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களில் கிராமத்துப் பெண்கள் கைத்தறி நெய்து வந்தார்கள். அந்தத் துணிக்கு நிறமும் வடிவமும் அமைத்துக் கொடுக்க அழைக்கப்பட்டவர் பார்பரா சன்சோனி. அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் கொழும்பு காலி வீதியில் உள்ள ‘பெயார்ஃபுட்’. அவர் 2022 இல் காலமானார். கடை இன்றும் நடக்கிறது. அதே காலத்தில் எனா டி சில்வாவின் பத்திக் துணிகளைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்கே பயன்படுத்தினார். இரண்டிலும் கைவேலை ஏற்கெனவே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவை நிறத் தெரிவு, அளவு, பார்க்க வருபவர்கள் இருக்கும் ஓரிடம் ஆகியவை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம்கள். கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்கிறார்கள். மிக நுண்ணியதாக நெய்த பாயைத் துணிபோல மடிக்கலாம். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மணமகன், மணமகள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய் அங்கே ஒரு தனி வியாபாரம். பெயர் நெய்த பாயை யாரும் பேரம் பேசி பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிடமாட்டார்கள். கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாயும் இதே வழியில்தான் போனது. தரையில் விரித்தது சுவரில் தொங்கியது, பையானது, உறையானது. 2021 இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுவீடனின் ஐக்கியா கடைகளில் ஆகாயத்தாமரைத் தண்டில் பின்னிய கூடை விற்கிறார்கள். நம் குளங்களில் அதை அள்ளிக் கரையில் எறிகிறோம்!

இனி நம் கணக்குக்கு வருவோம். ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள பாய் பதினெட்டுச் சதுர அடி. ஒருவர் சாப்பிடும் தட்டுக்கு அடியில் வைக்கும் விரிப்பு ஒன்றரை அடிக்கு ஓரடி, அதாவது ஒன்றரைச் சதுர அடி. ஒரு பாயின் பன்னில் பன்னிரண்டு விரிப்பு வரும். ஆறு கொண்ட செட் இரண்டு. காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. கையில் எடுத்தால் சிக்கல் தொடங்கும். பாயை வெட்டினால் பின்னல் அவிழும். ஆகவே ஒவ்வொன்றையும் அளவுக்கே பின்ன வேண்டும், அல்லது வெட்டியவுடன் ஓரத்துக்குத் துணி வைத்துத் தைக்க வேண்டும். பின்னும் நேரம் கூடும், தையற்கூலி சேரும். செட்டில் ஆறும் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று அரை அங்குலம் கூடினாலும் முழுச் செட்டும் திரும்பி வரும். பலகையில் ஆணியடித்து ஓர் அளவுச் சட்டம் செய்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தலையிடி பாதி குறையும்.

அடுத்தது சாயம். பாயில் சிவப்பு, பச்சை, ஊதா என்று அடித்துக்கொண்டு நிற்கும் நிறங்கள் நமக்குப் பழகியவை, எனக்கும் பிடித்தவை. ஆனால் ஈரக் கோப்பை வைத்த இடத்தில் சாயம் மேசைத் துணியில் இறங்கினால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார். விற்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது மேசைக்கு ஆகாது. சாயமே இடாத பன்னின் இயல்பான நிறத்தில் ஓரத்துக்கு மட்டும் ஒரு கோடு விடுவது பாதுகாப்பு. கொழும்பிலும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

மூதூர், கட்டைபறிச்சான் வியாபாரிக்கு உண்மையான சோதனை பருவகாலம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகள் அதிகம் வருவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. பன்னை வெட்டி உலர்த்த நல்ல வெயில் கிடைப்பதும் அதே மாதங்களில்தான். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் பன் சரியாகக் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதாவது, வருகிற ஏப்ரலில் விற்கும் சரக்குக்கான பன்னை இந்த ஓகஸ்ட் வெயிலில் காயவைத்து, மழை மாதங்கள் முழுவதும் நிலத்தில் படாமல், காற்றோட்டமாக, பரண்போட்டுக் காக்க வேண்டும். ஏழெட்டு மாதம் முதல் முடங்கிக் கிடக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்பவர் இலாபம் என்று நினைப்பது அவருடைய சொந்த முதல்தான். ஹோட்டலுக்குக் கொடுத்தால் காசும் உடனே கைக்கு வராது. முதல் கட்டளையை ஏற்கும்போதே ஒரு பகுதியை முற்பணமாகக் கேட்பதில் வெட்கமில்லை.

பாதை இப்போது தடையாக இல்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கடலைக் கடந்து லோஞ்சில்தான் திருகோணமலைக்குச் சரக்குக் கொண்டு போக வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. அதே பாதையால் நமது வாடிக்கையாளரும் நகரத்துக் கடைகளுக்குப் போய்விடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருளைக் கடைச் சீமெந்துத் தரையில் போட்டு, வெளிச்சக் குழாயின் கீழ் எடுத்த படம் பொருளைச் சாகடித்துவிடும். காலையில் யன்னலோரம் ஒரு மரமேசை, அதன்மேல் விரிப்பு, ஒரு தேநீர்க் கோப்பை. இவ்வளவு போதும். கோப்பை இருந்தால் பார்ப்பவருக்கு அளவும் புரியும். அழகு காட்ட ஆள் நிற்க வேண்டியதில்லை. பின்னும் பெண்ணின் முகத்தை அவருடைய சம்மதமில்லாமல் போடவும் கூடாது. வேலை செய்யும் கைகளே நல்ல படம். நிறத்தைக் கூட்டிக் காட்டும் வித்தையைச் செய்யாதீர்கள். பொதியைத் திறந்து பார்ப்பவர் படத்தில் கண்டதைத்தான் கையிலும் காண வேண்டும்.

கடைசியாக, பின்னுபவர்களின் பங்கு. 2004 சுனாமியும் 2006 போரும் இந்தப் பகுதியை அடுத்தடுத்து அடித்தன. மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் கட்டைபறிச்சான் முகாமில் பல வருடங்கள் கிடந்தார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இரு சமூகத்திலும் இருக்கிறார்கள். பன்பாய் பின்னத் தெரிந்தவர்களில் வயதானவர்களே அதிகம். பாய்க்குக் கொடுத்த அதே கூலியை விரிப்புக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வியாபாரி வைத்துக்கொண்டால், இளம் பெண்கள் இந்த வேலைக்கு வரப்போவதில்லை. ஆள் இல்லாவிட்டால் நாளை நமக்குச் சரக்கும் இல்லை. ஆறு கொண்ட ஒரு செட்டைப் பின்ன எத்தனை நாள் போகிறது என்று கேட்டு, அந்த நாட்களுக்கு வயல்வேலைக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கூலியுடன் ஓரத் தையல், பொதி, வாகனச் செலவு, முடங்கிய முதல் எல்லாம் சேர்த்து வரும் தொகையைத் திருகோணமலையில் இரண்டு ஹோட்டல்காரர்களிடமும் கொழும்பில் ஒரு அன்பளிப்புக் கடையிலும் சொல்லிப் பாருங்கள். அவர்கள் அந்த விலையை ஏற்றால் பத்துச் செட் போட்டுத் தொடங்கலாம். ஏற்காவிட்டால் நட்டம் ஒரு மாதிரிச் செட்டின் விலை மட்டும்தான்.