பக்கவாதமுற்ற இளையோரும் தன்னருவருப்பும்

பக்கவாதம் முதியோரின் நோய் என்றே நம்மில் பலர் எண்ணிவருகிறோம். எனினும் ஐம்பது வயதை எட்டாதோரையும் அது தாக்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி சேதமடைவதே இந்நோய். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், ருமாட்டிக் காய்ச்சலால் பழுதுற்ற இதய வால்வு ஆகியவை இளவயதிலும் இதற்குக் காரணமாகின்றன.

பிழைத்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறதென ஆய்வுகள் காட்டுகின்றன. அதனின்று வேறான ஒரு துயரை இங்குக் கருதுவோம். அதுவே தன்னருவருப்பு. குற்றவுணர்வு, தான் செய்ததைக் குறித்து வருந்துகிறது. வெட்கம், பிறர் பார்வைக்கு அஞ்சுகிறது. தன்னருவருப்போ, ஒருவர் தம் உடலையே அழுகிய பொருளெனக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதாகும். வாய்க்கோணல், வழியும் உமிழ்நீர், அடக்க இயலாத சிறுநீர், பிறர் கழுவிவிடும் நிலை ஆகியவை அதனைத் தூண்டுகின்றன. குடும்பத்தைத் தாங்கிநிற்கும் வயதில் இவை நேரிடுகையில் வேதனை பன்மடங்காகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சந்தித்துவந்த பள்ளியாசிரியர் ஒருவருக்கு வயது 41. நாம் செல்லும்போதெல்லாம் அவர் தமது இடக்கையைத் துண்டினால் மூடிக்கொள்வார். நாமும் அதனைப் பாராததுபோல் ஜெபித்துத் திரும்பினோம். கைப்பயிற்சியையும் மாத்திரைகளையும் அவர் நிறுத்திவிட்டதைப் பின்னரே அறிந்தோம். வீட்டார் அதனைச் சோம்பலென்றனர். நாம் அவிசுவாசமென எண்ணினோம். இரண்டும் தவறு. பயிற்சி செய்ய அக்கையை அவர் நோக்க வேண்டும், தொட வேண்டும். அதுவே அவரால் இயலாததாயிருந்தது.

இங்கேதான் தன்பராமரிப்பு இடறுகிறது. மருந்துண்பதும் இரத்த அழுத்தத்தை அளப்பதும் பயிற்சி செய்வதும் நாள்தோறும் நோயாளியே செய்யவேண்டியவை. அருவருப்பின் இயல்போ விலகியோடுதல். பயன்படுத்தாத கை மேலும் பயனற்றுப்போகிறது. அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டாப் இதனை ஒரு கற்றறிந்த பழக்கமென விளக்கி, ஓரளவேனும் அசையும் கையுடையோருக்கு, நல்ல கையைக் கட்டுப்படுத்தி நலிந்த கையைப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார்.

ஆயர்களாகிய நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, அனுமதி கேட்டு அக்கையைப் பற்றி ஜெபிக்கலாம். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தொடாமலே சுகமாக்கிய ஆண்டவர், தொழுநோயாளியைத் தொட்டே சுகமாக்கினார் (மாற்கு 1:41).

இரண்டாவது, பாவ அறிக்கைக்கு அவசரப்படுத்தலாகாது. குற்றத்திற்குரிய மருந்து அருவருப்பை ஆற்றாது.

மூன்றாவது, பந்தியில் இடமளிக்க வேண்டும். மேவிபோசேத் தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டபோது தாவீது வாதிடவில்லை; சீபாவை அழைத்து, அரச பந்தியில் அவனுக்குரிய இடத்தை உறுதிசெய்தான் (2 சாமுவேல் 9). திருவிருந்து கொடுக்குமுன், விழுங்குவதில் சிரமமுண்டோவென வீட்டாரிடம் கேட்டறிதல் அவசியம். திரவம் மூச்சுக்குழலுள் புகும் அபாயம் உண்டு.

நான்காவது, மனச்சோர்வோ உயிர்விடும் எண்ணமோ தென்படின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஜெபம் அதற்கு மாற்றன்று; துணையாகும்.

பின்னொரு நாள் அவ்வாசிரியரிடம் அனுமதி கேட்டோம். நெடுநேரம் மௌனமாயிருந்தவர் துண்டைத் தாமே விலக்கினார். அன்று அவர் குணமடையவில்லை. மறுவாரம் பயிற்சிக்குச் செல்ல இசைந்தார்.